இரண்டு கடலுக்கு நடுவே நீந்த வந்தவளுக்கு

தாயி,

மதுரை நீச்சல் குளத்தில் நாலு மாதம் கற்றுக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னாள். இப்போது வங்கி வேலை உன்னை ராமேஸ்வரத்துக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. வந்த வாரமே, "தாத்தா, உங்களுக்குப் பிடித்த குளிக்கிற இடமெல்லாம் எழுதித் தாங்க" என்று கேட்டாய். தங்கச்சிமடத்தில் பிறந்து 72 வயது வரை இந்தத் தண்ணீரை விட்டு விலகாதவன் நான். இடங்களின் பெயரை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த இடங்களில் நான் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. முதலில் காற்றைக் கேள். இடம் அதற்குப் பிறகு. நம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடகடலைப் பெண் கடல் என்பார்கள், தென்கடலை ஆண் கடல் என்பார்கள். வடகடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தாம்பாளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். அப்போது பெண் கடலின் கோபத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே ஆனியில் எனக்குப் பிடித்த இடம் வேறு, தையில் பிடித்த இடம் வேறு. இருபது வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தும் மனது ஒப்பவில்லை. வடகடல் கரையில் இருக்கும் ஓலைக்குடாதான் என் இடம் என்று கார்த்திகை மாதத்திலும் இறங்கினேன். அலை தூக்கி, நங்கூரம் போட்டு நின்ற வல்லத்தின் மேல் அடித்தது. தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கிறது. "காற்றறியாதவனுக்குக் கரையும் ஆழம்" என்பாள் என் அப்பத்தா.

2. அரியமானில் தொடங்கு. பாம்பன் பாலத்தைத் தாண்டி, மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே வடக்கே திரும்பினால் சவுக்குத் தோப்பும் அதன் காலடியில் நீண்ட மணல் கரையும் வரும். கச்சான் காலத்தில் காலை 6 மணிக்குப் போய் நில். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. முதல் வாரம் நீந்தவே வேண்டாம். உட்கார், மல்லாந்து மிதந்து பார், உப்புத் தண்ணீர் உன்னை எவ்வளவு தாங்குகிறது என்று உடம்புக்குத் தெரியட்டும். குளத்தில் கற்றவர்களுக்குச் சுவர் ஒரு பழக்கம். எதிரே சுவர் வரும் என்று கை எதிர்பார்க்கும். கடலில் சுவர் இல்லை. திரும்பும் இடத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் அவசரம் காட்டி நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். என் தம்பிக்கு, அதாவது உன் சின்னத் தாத்தாவுக்கு, அப்போது ஒன்பது வயது. நான் பதினைந்து. "தூக்கிப் போட்டால் தானாக வந்துவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, வத்தைப் படகிலிருந்து அவனை ஆழத்தில் தள்ளினேன். இரண்டு முறை மூழ்கினான். நான் குதித்து இழுத்து வந்தேன். கரையில் கிடந்தபோது அவன் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் பிறகு கணுக்காலுக்கு மேல் அவன் கடலில் இறங்கியதே இல்லை. கடற்கரைக்காரன் ஒருவனுக்குக் கடலை இல்லாமல் செய்தவன் நான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது. நீ கற்றுக்கொள்ளும்போதும், நாளைக்கு யாருக்காவது கற்றுக்கொடுக்கும்போதும், பயத்தைக் கேலி செய்யாதே. பயம் தானாக இறங்கும் வரை இடுப்பளவுத் தண்ணீரில் கூடவே நில்.

3. எந்தக் கரையில் இறங்கினாலும் அங்கே வலை கட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கு. "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி?" அவ்வளவுதான். நீரோட்டம், சொறி என்கிற ஜெல்லி மீன், அடியில் கிடக்கும் கல் எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்டு மல்லுக்கட்டாமல் திரும்பிவிடு.

4. தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனையில் குளிக்காதே. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னைப் பார்க்க வரும் தோழிகள் முதலில் கேட்கப்போவது அந்த இடத்தைத்தான். 2017இல் தார்ச்சாலை முனை வரை போன பிறகு தினமும் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம், நடுவில் வெள்ளை மணல். பார்த்தால் இறங்கத்தான் தோன்றும். ஆனால் இரண்டு கடலின் ஓட்டமும் அந்த முனையில் வந்துதான் மோதுகின்றன. மணல் மாதத்துக்கு மாதம் இடம் மாறும். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும் பள்ளம். எச்சரிக்கைப் பலகை அங்கே சும்மா நிற்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. சாலை கிடையாது, மணலில் நடந்தே போவோம். முனை வரைகூடப் போகவில்லை, அதற்கு முன்னாலேயே தென்கடல் பக்கம் நானும் என் நண்பனும் பந்தயம் கட்டி இறங்கினோம். நான் சீண்டியதால்தான் அவன் இறங்கினான், அதை மறைக்க மாட்டேன். பத்தே நிமிடம். கரை தூரமாகிக்கொண்டே போனது. நீந்த நீந்தப் பின்னால் போனோம். நான் எப்படியோ பக்கவாட்டில் அடித்து வந்து மணலைத் தொட்டுவிட்டேன், அவன் வரவில்லை. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் கத்தலைக் கேட்டு ஒருவர் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், அதன் மறுமுனையில் என் நண்பனைக் கொண்டுவந்தார். அன்றைய பாடு அவர்களுக்குப் போயிற்று, வலை புரண்டு மீனெல்லாம் கலைந்துவிட்டது. யாரும் ஒரு வசவு சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்தார், பிறகு அதே கையால் கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்தார். கயிறு பிடித்த கைகளை நான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. நம் துணிச்சலுக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் இன்னொருவர் கை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

முனைக்குப் போ. விடியலில் போ. மாசி, பங்குனியில் ஆமைகள் முட்டையிட்டுப் போன தடம் மணலில் இருக்கும். எதிரே 30 கிலோமீட்டருக்குள் இலங்கையின் தலைமன்னார். பார், நில், திரும்பி வா.

5. ஒருவேளை எங்காவது ஓட்டம் உன்னை இழுத்தால், கரையை நோக்கி அதனோடு சண்டை போடாதே. மல்லாந்து மூச்சை மீட்டுக்கொள். பிறகு கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்து. இழுப்பு விட்ட இடத்தில் கரைக்குத் திரும்பு. நான் அன்று பிழைத்தது இதனால்தான், அதுவும் தெரியாமல் செய்தது. நீ தெரிந்தே செய். சாதாரண நாளிலும் கரையை விட்டு விலகி நீந்தாமல் கரையோரமாகவே நீந்து; எந்த நிமிடத்திலும் கால் ஊன்றி நிற்க முடிகிற ஆழம் போதும்.

6. சங்குமால் கரையும் ஓலைக்குடாவும் கோடையில் என் மனதுக்கு நெருக்கமான இடங்கள். காலையில் சூரியன் தண்ணீருக்குள்ளிருந்தே எழுந்து வரும். அடியில் கடற்புல் படர்ந்திருக்கும்; அதற்குள் சின்ன மீன்கள் ஓடும். ஆனால் மிதவைகளைக் கவனி. தெர்மாகோல் துண்டுகள் வரிசையாக மிதந்தால் கீழே நண்டு வலை இருக்கிறது என்று பொருள். ஒரு மாலை இருட்டும் நேரத்தில் கவனமில்லாமல் அதில் போய்ச் சிக்கிக்கொண்டேன். பயத்தில் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு அம்மா கரையில் உட்கார்ந்து அந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆமை கிழித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் போய் உண்மையைச் சொல்லிப் பணம் கொடுத்தேன். பணத்தை வாங்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ரெண்டு நாள் பாடு போயிருக்காதே தம்பி" என்றார். நீ ஏதாவது சேதம் செய்தால் ஈரம் காய்வதற்குள் போய்ச் சொல்லிவிடு.

7. படகுத் துறைப் பக்கம் நீந்தவே வேண்டாம். விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று இங்கே முறை உண்டு. ஆகவே எந்த நாளும் ஏதாவது ஒரு படகு போய்க்கொண்டுதான் இருக்கும். படகோட்டிக்கு உன் தலை தெரியாது. பாம்பன் கால்வாயும் அப்படித்தான். பாலத்தில் நின்று கீழே பார்: கச்சான் காலத்தில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே பாயும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து.

8. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதே. மணலில் தேய்த்துத் தேய்த்து நட. திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். அசைவு தெரிந்தால் தானே விலகிவிடும், மிதித்தால்தான் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திரு, வலி அடங்கும். முள் ஒடிந்து உள்ளே இருந்தால் நீயாகப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. சொறி பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதே. நான் அப்படித் தேய்த்ததில் விஷம் இன்னும் பரவி, மூன்று நாள் கை வீங்கிக் கிடந்தது. நல்ல தண்ணீரும் வேண்டாம். கடல் தண்ணீரால் அலசி வினிகர் ஊற்று, ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கையால் தொடாமல் எடு. மூச்சு இறுகினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே. உன் பையில் ஒரு சின்ன வினிகர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

9. அக்னி தீர்த்தம் கோயிலுக்கு எதிரே, அலையே இல்லாமல் கிடக்கும். உன் அறையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் அதை உன் பயிற்சி இடமாக்கிக்கொள்ளாதே. காசியிலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் வருகிறவர்கள் செத்துப்போன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டு மூன்று முறை முங்கி எழுகிற இடம் அது. அங்கிருந்து ஈரத்தோடு போய்க் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடுவார்கள். அழுதுகொண்டு முங்குகிறவர் பக்கத்தில் நாம் கை வீசி நீந்துவது முறையில்லை. ஒருநாள் நீயும் அவர்களைப் போலவே முங்கி எழு, போதும்.

வில்லூண்டி தீர்த்தத்துக்குச் சாயங்காலம் போ. நம் தங்கச்சிமடம்தான். கடலுக்குள் நீளும் பாதையின் கோடியில், நாலு பக்கமும் உப்பு சூழ, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, பிறகு கரையோரம் கொஞ்ச நேரம் காலை நனைத்து உட்கார். என் அம்மா சாகும் முன்பு கேட்டது இந்தத் தண்ணீரைத்தான்.

10. எந்த உடையில் நீந்துவது என்று நீ கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கிராமத்துப் பெண்களைப் பார். கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் துணியால் இறுக்கி, கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். அவர்களில் பலர் எட்டு, பத்து வயதில் தாயோடு இறங்கியவர்கள். இந்தத் தீவில் பெண் கடலில் இறங்குவது புதிதில்லை தாயி. உடம்புக்கு வசதியானதைப் போட்டுக்கொள், பார்க்கிறவர்களை மற. முடிந்தால் அவர்களில் ஒருவரோடு பழகு. மூச்சு அடக்குவதை எந்தப் பயிற்சியாளரையும்விட நன்றாகச் சொல்லித்தருவார்கள். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் அவர்களிடம் இருக்கிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது, பாசி வளரும் பருவத்தில் அதையும் நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அன்றாடக் கஞ்சிக்கு அந்தப் பாசியையே நம்பியிருப்பவர்கள் அப்படி நிறுத்திக்கொள்வது சின்ன விஷயமில்லை.

11. வாடைக் காலத்தில் குந்துகால் பக்கம் தென்கடல் பளிங்கு போல இருக்கும். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கிய கரை அது. எதிரே குருசடைத் தீவு கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும். அதை நோக்கி நீந்தாதே. ஓட்டமும் உண்டு, தடையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை படகில் அழைத்துப் போகும் நாளில் போய்ப் பார்.

பவளப்பாறையின் மேல் நிற்காதே, தொடாதே. நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பெரிய கிளையை உடைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் இங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் கொண்டுபோனார்கள், அதனால் எனக்குத் தவறாகவே படவில்லை. மேசையில் வைத்த இரண்டாம் நாள் அது நாறத் தொடங்கியது. அப்போதுதான் அது உயிர் என்பது எனக்கு உறைத்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "சார், இதுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன், ஆனால் செத்தது செத்ததுதான்.

12. தூரத்தை எண்ணாதே. 1966இல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தபோது எனக்கு 13 வயது; ஊரே அதைப் பேசிற்று. 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் இலங்கையிலிருந்து இங்கே வந்து, திரும்பவும் அங்கேயே நீந்திப்போனார், மொத்தம் 51 மணி நேரம். ஆழிக்குமரன் என்று அவரைக் கொண்டாடினார்கள். அதே மனிதர் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரை விட்டார். அவர் மேல் எனக்கு இன்றும் பெரிய மதிப்பு உண்டு. அவர்கள் படகும் துணையும் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் உடம்பைத் தயாரித்துப் போனவர்கள். அவர்கள் கதையைக் கேட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் ஒரு வாரம் முழுக்க யார் அதிக தூரம் போவது என்று போட்டி போட்டோம். அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்த மீன் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

13. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், எந்த எண் என்றுகூடக் கேட்காதே. அன்றைக்குக் கரைப் பக்கமே போகாதே, வானம் தெளிவாக இருந்தாலும் சரி. 1964 டிசம்பர் 22 இரவு எனக்குப் பதினொரு வயது. ஓட்டுக்கூரையைப் பிடித்துக்கொண்டு அப்பா விடிய விடிய நின்றார். அந்த இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. அதை நோக்கிப் போன ரயிலும் அதிலிருந்தவர்களும் போனார்கள். அங்கே எங்கள் பெரியப்பா வீடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எங்களைவிட நன்றாக நீந்துவார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

14. தனியாகப் போகாதே. நீந்துகிறவர் கூட வர வேண்டும் என்பதில்லை. கரையில் உட்கார்ந்து உன் தலையை எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காற்று ஓங்காமல் இருந்தால் அரியமானுக்குப் போகலாம். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடு, ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். மாற்றுத் துணியும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள், துண்டு நான் கொண்டு வருகிறேன். சின்னத் தாத்தாவும் வருகிறேன் என்கிறான். போன சித்திரையில் என்னோடு சங்குமாலுக்கு வந்தவன் முழங்கால் நனையும் வரை இறங்கி, வெகு நேரம் நின்றான். நான் பக்கத்தில் நின்றேன், எதுவும் பேசவில்லை. நீயும் அவனைத் தண்ணீருக்குள் கூப்பிடாதே. அவனாக வந்தால் மட்டும் கையைக் கொடு.